பிடி இல்லாத கத்தி

எனக்கு வாய் ஜாஸ்தி. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நானும் இல்லை என்று சொல்ல மாட்டேன். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனைக்கு வந்தாலே, "வந்துட்டா, டிவி சவுண்ட கம்மி பண்ணு" என்று என் வீட்டுக்காரர் சொல்வாராம். எதிர்வீட்டுப் பெண் போட்டுக்கொடுத்துத்தான் எனக்கே தெரியும். ஆனாலும் இந்த வாயை ஊரே பொறுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அது என் கை. மீன் வெட்டுவதில் என்னை அடித்துக்கொள்ள எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது. பெருமை பேசுகிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காருக்குச் சின்னச் சின்ன பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு பேக்கிங் வேலை. பெல்ட்டில் வருவதை எடுத்துப் பார்த்து, சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், இல்லையென்றால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரம் தள்ள வேண்டும். வாரம் முழுக்க நின்றுகொண்டு இதைச் செய்தால் ஞாயிற்றுக்கிழமை எனக்கு உட்கார வேண்டும். அதுவும் அருவாமனைக்குப் பின்னால் உட்கார வேண்டும். பழவேற்காட்டிலிருந்து மொபெட்டில் வரும் மீன்காரம்மா, தெருவுக்குள் நுழைந்ததும் என் வீட்டு வாசலில்தான் முதலில் ஹாரன் அடிப்பார். நான் செவுளைத் தூக்கிப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, நாலு வார்த்தை திட்டி எடுத்தபிறகுதான் மற்றவர்கள் எடுப்பார்கள். மடவையோ, கிழங்கானோ, பொடிசாகக் காரப்பொடியோ, எதுவானாலும் பெரிய தட்டில் கொட்டி, காலை மடக்கி உட்கார்ந்துவிட்டால் அந்த ஒரு மணி நேரம் நான்தான் மகாராணி. யாரும் ஒன்றும் கேட்கக் கூடாது. நான் மட்டும் பேசிக்கொண்டிருப்பேன்.

போன மழைக்காலத்தில் பஸ் படியில் கால் வழுக்கி, சேற்றில் விழுந்து முட்டியில் ஜவ்வு கிழிந்தது. டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, "நில்லுங்க, நடங்க, வேலைக்கும் போங்க. தரையில மட்டும் உக்காராதீங்க. காலை மடக்கி உக்காந்தீங்கன்னா ஆபரேஷன்தான்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். சாப்பிட நாற்காலி, பூ கட்ட நாற்காலி, துணி மடிக்க நாற்காலி என்று எல்லாவற்றுக்கும் நாற்காலி வந்தது. ஞாயிற்றுக்கிழமை மீன் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

கடையில் விற்கும் கத்தியும் பலகையும் வாங்கிச் சமையல் மேடையில் வைத்துப் பார்த்தேன். மீன் பலகையை விட்டு வழுக்கிக்கொண்டு போய்ப் பாத்திரம் துலக்கும் தொட்டியில் விழுந்தது. எடுத்து வைத்து அழுத்தினால் நசுங்கியது. விரலிலும் பட்டது. அத்தனை வருஷமாக ஒரு கீறல் இல்லாமல் வெட்டியவள் நான். ரத்தத்தைப் பார்த்ததும் எனக்கு வலியைவிட அவமானம்தான் பெரிதாக இருந்தது.

அந்த வாரம் வந்தார் என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு அக்கா, எனக்கு அண்ணி. இரண்டு வீடு தள்ளித் தனியாக இருக்கிறார். தன் அருவாமனையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து என் சமையலறை நடுவில் உட்கார்ந்துகொண்டார். "நீ போய் உக்காருமே. கால வச்சிக்கினு ஏன் நிக்கிற? இனிமே மீனு என் பொறுப்பு" என்றார். பாசமாகத்தான் சொன்னார். அதனால்தான் எரிச்சல் இன்னும் அதிகமானது. வம்புக்குச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஒன்று கொடுத்திருப்பேன். உதவி செய்ய வந்தவரை என்ன சொல்வது? அவர் வெட்டியதில் குறை இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்து, ஓடாத டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்தடுத்த ஞாயிறுகளும் அப்படியே போயின.

இதைக் கவனித்தவர் என் வீட்டுக்காரர். பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஒரு மில்லில் மெயின்டெனன்ஸ் ஃபிட்டர். வெளியே பேச்சு கம்மி. கையில் ஸ்பேனர் இல்லையென்றால் கையை எங்கே வைப்பது என்றே அவருக்குத் தெரியாது. ஒரு நாள், "நான் உனக்கு ஒரு கத்தி பண்ணித் தரேன். கடக் கத்தியெல்லாம் தகரம்மே" என்றார். அவர் ஃபோனில் கத்தி செய்யும் வீடியோ பார்க்க ஆரம்பித்து ரொம்ப நாளாகிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது. என் முட்டி அவருக்கு நல்ல சாக்கு.

வீட்டுக்குப் பின்னால் ஷீட் போட்ட கொட்டகையில் வேலை தொடங்கியது. ஒரு சாமானும் புதுசு கிடையாது, எல்லாம் காயலான் கடையில் பொறுக்கியது. அடுப்புக்கு ஒரு லாரியின் பிரேக் டிரம். காற்றுக்கு, மகள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன ஹேர் டிரையர். கரி, இஸ்திரிக்காரரிடம் கேட்டு வாங்கியது. இரும்பு சரியாகச் சூடாகிவிட்டதா என்று பார்க்க, உடைந்த ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தம். இரும்பில் காந்தம் ஒட்டாமல் போனால் பதம் வந்துவிட்டது என்று அர்த்தமாம். அந்த காந்தத்தை இடுக்கியில் பிடித்துக்கொண்டு, பிள்ளை பிறக்கப்போகிற ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற மாதிரி நிற்பார்.

முதல் கத்தி, வள்ளூர் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் ஏற்றுகிற டிப்பர் லாரியின் உடைந்த ஸ்பிரிங் பட்டையில் செய்தது. மில்லில் எல்லாவற்றுக்கும் டிரையல் நம்பர் போடுவார்களாம், அதனால் இதற்கு டிரையல் ஒன்று என்று பேர். சூட்டோடு எண்ணெயில் முக்க வேண்டும் என்று, நான் வடை சுட்டு எடுத்து வைத்திருந்த எண்ணெயைக் கேட்காமல் எடுத்துக்கொண்டார். கத்தி நன்றாகத்தான் வந்தது. ஆனால் கிடா வெட்டுகிற கனம். மணக்க மணக்க வடை வாசம் வேறு.

"யோவ், இது மீனு வெட்டவா, ஆள் வெட்டவா?" என்று கேட்டேன். கம்பெனியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருந்த சிவப்பு ஸ்டிக்கர் ஒன்று என் புடவை முந்தானையில் இருந்தது. அதை எடுத்துக் கத்தியின் மேல் ஒட்டினேன். அவர் சிரிக்கவில்லை. கொட்டகைக்குப் போய் அடுத்ததைத் தொடங்கிவிட்டார்.

டிரையல் இரண்டு, இரும்பு அறுக்கும் பேண்ட்சா பிளேடில் செய்தது. அழகாக, மெலிசாக, காகிதத்தைக் காற்றிலேயே வெட்டியது. மீனில் வைத்தால் வளைந்து போனது. சிவப்பு. டிரையல் மூன்று, தேய்ந்துபோன பெரிய அரத்தில் செய்தது. முக்கி எடுத்தபின் அதை லேசாகச் சூடாக்கி வைக்கோல் நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்களாம். அந்த மனிதர் என் தோசைக்கல்லில் மணல் கொட்டி அதன் மேல் வைத்துச் சூடாக்கினார். மறுநாள் நாஷ்டாவுக்கு ஒரு தோசையாவது கல்லை விட்டு எழுந்து வந்திருக்கணுமே! அன்றைக்கு நான் பேசிய பேச்சில் கொட்டகை ஷீட்டே அதிர்ந்திருக்கும். "பேஜாரு பண்ணாதம்மே, கத்தியப் பாரு" என்று முன்கை முடியை அதில் மழித்துக் காட்டினார். உண்மைதான், அவ்வளவு கூர்மை. மீனில் வைத்தேன். வழுக்கியது, நசுங்கியது.

"இன்னா பிராப்ளம்னு சொல்லு. கூர் பத்தலையா?"

"தெரியலயே."

"வெயிட்டா?"

"தெரியலன்னு சொல்றேன்ல. என் கைக்குப் புடிக்கல, அவ்ளோதான்."

கூர் பத்தவில்லை என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரும்பில்தான் குற்றம் என்று இரண்டு பேரும் இரும்பையே முறைத்துக்கொண்டிருந்தோம். அவர் நாலாவது கத்திக்கு மறுபடி ஸ்பிரிங் பட்டைக்கே போனார். இந்த முறை அடித்து அடித்து மெலிசாக்கி, நுனியைக் கொஞ்சம் வளைத்து, பிடிக்காக பேக்கிங் கட்டையில் தனியாக ஒரு மரப்பிடி செதுக்கினார். அந்தப் பிடி அவ்வளவு வழுவழுப்பு. வேலையில் மனுஷன் சொக்கிப் போயிருந்தார். பக்கத்து கம்பெனி சங்கு ஊதினால்கூடத் தலையைத் தூக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஆசையாகத்தான் இருந்தது. எனக்காக ஒருவர் இத்தனை முறை தோற்கிறாரே என்று. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தோசைக்கல்லை மறுபடி எடுத்துவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஹாரன் சத்தம் கேட்டது. நான் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மொபெட் என் வீட்டைத் தாண்டிப் போய் அண்ணி வீட்டு வாசலில் நின்றது. மீன்காரம்மா அங்கே கூடையை இறக்கி, அண்ணி எடுத்தபிறகு, மீதியோடு திரும்பி என்னிடம் வந்தார்.

"இன்னாம்மா, நம்ம ஊடு மறந்துபோச்சா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா, இப்ப அவங்கதான வெட்டுறாங்க, வெட்டுறவங்க பாத்து எடுக்கட்டுமேன்னு" என்றார் அவர், ஒன்றும் கெட்ட எண்ணமில்லாமல்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாராவது செத்தால்கூட ஒப்பாரியில் கணக்குப் பார்த்து அழுகிறவள் நான். ஒரு கிலோ காரப்பொடியைத் தட்டில் வாங்கிக்கொண்டேன். அதை வெட்ட அண்ணி வந்துவிடுவாரே என்று நினைத்ததும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சமையலறைக்குப் போகாமல் தட்டோடு நேராகப் பின்பக்கக் கொட்டகைக்குப் போனேன்.

அவர் நாலாவது கத்திக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். பிடி இன்னும் மாட்டவில்லை. பிடிக்குள் போக வேண்டிய வால் பகுதியை மேசை ஓரத்து வைஸ் இடுக்கியில் இறுக்கியிருந்தார். கத்தி நுனி மேலே பார்க்க நேராக நின்றது, கூர் பக்கம் என்னைப் பார்த்திருந்தது.

"உன் கத்தியும் வேணாம், ஒண்ணும் வேணாம். எல்லாத்தையும் எடுத்துக்கினு போய் காயலான் கடையிலயே போடு" என்று ஆரம்பித்தேன்.

"இன்னாச்சும்மே?"

"இன்னாச்சா? என் ஊட்டுக்கு வர்ற மீனு ரெண்டு ஊடு தள்ளிப் போவுது. இத்தினி கத்தி பண்ணியே, மீனு எப்பிடி வெட்டணும்னு ஒனக்குத் தெரியுமாய்யா? இப்பிடிப் புடிக்கணும், இப்பிடி..."

சொல்லிக்கொண்டே தட்டிலிருந்து ஒரு மீனை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, எதிரில் நின்ற கத்தியில் வைத்து அழுத்தினேன். கோபத்தில் செய்தது, யோசித்துச் செய்ததில்லை. தலை தனியாக வைஸின் மேல் விழுந்தது.

அவர் சாணைக்கல்லைக் கீழே வைத்தார். நான் அடுத்த மீனை எடுத்தேன். தலை, வால், துடுப்பு, வயிறு. கை தானாகப் போனது. எங்கே திருப்ப வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும் என்று கட்டைவிரலுக்குத் தெரிந்திருந்தது. அப்போதுதான் புரிந்தது. என் கைக்குக் கத்தியைப் பிடிக்கவே தெரியாது. இத்தனை வருஷமும் அது மீனைத்தான் பிடித்திருக்கிறது. கத்தி சும்மா நிற்க வேண்டும், மீன்தான் அதனிடம் போக வேண்டும். நாங்களோ நிற்க வேண்டியதை என் கையில் கொடுத்துவிட்டு, நகர வேண்டியதைப் பலகையில் படுக்க வைத்திருந்தோம்.

ஏன் முன்னாடியே தோன்றவில்லை என்று கேட்பீர்கள். முதல் வாரமே அருவாமனையைச் சமையல் மேடை மேல் தூக்கி வைத்துப் பார்த்தேன். மிதித்துக்கொள்ளக் கால் இல்லாமல் அது ஆடியது, கவிழ்ந்தது, நெஞ்சு உயரத்தில் வேறு நின்று பயமுறுத்தியது. ஆகாது என்று எடுத்து வைத்துவிட்டு, அதோடு அந்த யோசனையையும் எடுத்து வைத்துவிட்டோம். நம் மூளை அவ்வளவுதான் வேலை செய்தது.

அவர் முதலில் மெல்லச் சிரித்தார். அப்புறம் சத்தமாக. எனக்கும் தொற்றிக்கொண்டது. இரும்புத் தூளுக்கு நடுவில் நின்றுகொண்டு, தட்டில் இருந்த அத்தனை காரப்பொடியையும் வெட்டி முடித்தேன். "மூணு தண்ணி கூட ஊத்திக் கழுவு, அரப்பொடி இருக்கும்" என்று அவர் சொன்னதெல்லாம் காதில் விழவேயில்லை. அண்ணி வந்து பார்த்தபோது மீன் குழம்பில் கொதித்துக்கொண்டிருந்தது. மீன்காரம்மாவே வெட்டிக் கொடுத்துவிட்டார் என்று அவரிடம் ஒரு புளுகு புளுகிவைத்தேன். முழுசாக முடியாததைக் காட்ட எனக்கு இஷ்டமில்லை.

ஐந்தாவது டிரையலுக்கு நானே கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். அதே நாலாவது கத்தியைத்தான் மறுபடி சூடாக்கி, கழுத்தை வளைத்தார். மேடை ஓரத்தில் திருகி மாட்டுகிற தேங்காய்த் துருவி ஒன்று காயலான் கடையில் பல் உடைந்து கிடந்தது. அதன் பல்லைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்தத் திருகோடு கத்தியை போல்ட் போட்டு முடுக்கினார். முதலில் அவர் உயரத்துக்குச் செய்துவிட்டார். நான் வெட்ட ஸ்டூல் போட்டு ஏற வேண்டியிருந்தது. மறுபடி அடுப்பு, மறுபடி காந்தம். கடைசியில் கத்தியின் அடி மேடைக்குக் கீழே போய், மேலே ஒரு சாண் மட்டும் தெரிகிற மாதிரி வந்தது. வேலை இல்லாதபோது கத்தியின் கூர்ப்பக்கத்தை மூடி வைக்க, பழைய மொபெட் டியூபில் ஓர் உறை. பெயின்ட் இல்லை, பாலிஷ் இல்லை. சுத்தியல் அடி பட்ட குழிகள் அப்படியே தெரிந்தன. பார்க்கக் கண்றாவிதான். நான் கம்பெனியிலிருந்து பச்சை ஸ்டிக்கர் ஒன்று, இந்த முறை வேண்டுமென்றே கொண்டுவந்து, கழுத்தில் ஒட்டினேன். அவர் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். செதுக்கிய மரப்பிடி மட்டும் கத்தி இல்லாமல் டிவி ஸ்டாண்டில் இருக்கிறது. கேட்டால் ஷோ பீஸ் என்கிறார்.

அடுத்த ஞாயிறு அண்ணி தன் அருவாமனையோடு உள்ளே வந்தபோது நான் மேடைக்கு முன் நின்று மடவை வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் முகம் தொங்கிப்போகும் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் ஆசையாகவும் எதிர்பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இன்னாமே இது, தேங்கா துருவியா?" என்றார்.

"உங்க தம்பி பண்ணது. நின்னுக்கினே வெட்டலாம்."

சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். திருகை ஆட்டிப் பார்த்தார். அப்புறம் அருவாமனையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, "தள்ளுமே, நானும் ஒண்ணு வெட்டிப் பாக்குறேன்" என்று என்னை இடுப்பால் இடித்து நகர்த்தினார். நான் நகர்ந்தேன். அவர் மீனை எடுத்து, வயிற்றில் வைத்து ஒரே இழுப்பாக ஆழமாக இழுத்தார்.

"அண்ணி! வவுத்த அப்பிடியா கீறுவாங்க? மேலாக்க கீறணும். பித்தம் ஒடஞ்சா கொழம்பு பூரா கசக்கும். இத்தினி வாரமா அப்பிடித்தான் கசந்துச்சு."

கடைசி வார்த்தை வெளியே வந்தபிறகுதான் என் காதில் விழுந்தது. வாசற்படியில் நின்றிருந்த என் வீட்டுக்காரர் சத்தமில்லாமல் முன்னறைக்குப் போய்விட்டார். அண்ணி மீனைத் தட்டில் வைத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கசந்துச்சா?"

"கசந்துச்சு."

"அப்ப ஏம்மே ஒரு வார்த்த சொல்லல?"

"எங்களுக்கோசரம் வந்து கீழ உக்காந்து வெட்டுறீங்க. உங்கள இன்னான்னு சொல்றது?"

அவர் முகம் விரிந்து சிரிப்பு வந்தது. கவுச்சிக் கையின் பின்புறத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நானும் சொல்லுவ சொல்லுவன்னு பாத்துக்கினே இருந்தேன். அந்த டிவி முன்னாடி பொம்ம மாதிரி குந்திக்கினு இருந்த. முட்டியோட சேந்து வாயும் போயிடிச்சோன்னு பயந்தே போய்ட்டேன்மே."

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டுமே வந்தது. தட்டிலிருந்து இன்னொரு மடவையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "இதையாச்சும் ஒழுங்கா புடிங்க. மொதல்ல செவுள எடுங்க. அந்தப் பக்கம் இல்ல அண்ணி, இந்தப் பக்கம்" என்று ஆரம்பித்தேன்.